மந்தை நோயும் லாரிப் பாதையும்

கேமரன் மலையின் வடபகுதியில் அமைந்துள்ள கம்போங் ராஜா, தேயிலைக்கும் காய்கறிக்கும் பெயர் பெற்ற ஊராகும். புளூ வேலி தேயிலைத் தோட்டத்தைச் சுற்றியுள்ள சரிவுகளில் விளையும் முட்டைக்கோசு, தக்காளி, கீரை வகைகள் ஆகியவை நாள்தோறும் லாரிகளில் ஏற்றப்படுகின்றன. ஒரு பாதை தானா ராத்தா, ரிங்லெட் ஆகிய ஊர்களின் வழியாகத் தாப்பாவுக்கு இறங்குகிறது. மற்றொரு பாதை பேராக் மாநிலத்தின் சிம்பாங் பூலாய்க்கு இறங்கி ஈப்போவை அடைகிறது. மலையில் இன்று பறித்த கீரை, மறுநாள் காலையில் கோலாலம்பூர்ச் சந்தையில் இருக்கும். சில வேளைகளில் சிங்கப்பூரிலும் இருக்கும்.

இந்த வேகம் வணிகத்திற்கு நல்லது. ஆனால், லாரியில் ஏற்றப்படுவது உயிருள்ள விலங்காக இருந்தால், அதனோடு கண்ணுக்குத் தெரியாத வேறொன்றும் பயணம் செய்யக்கூடும். ஆடு, மாடு, பன்றி, மான் என எதுவாயினும், மந்தையாக வாழும் விலங்குகளில் ஒன்றுக்கு வந்த தொற்றுநோய் மற்றவற்றுக்கு எளிதில் பரவும். ஒரே தொட்டியில் நீர் குடிப்பதும், ஒரே இடத்தில் படுப்பதும், ஒன்றையொன்று முகர்ந்து பார்ப்பதும் அதற்குப் போதும். எனினும், மந்தை தானாக 300 கிலோமீட்டர் நடந்து செல்வதில்லை. நெடுந்தொலைவுக்கு அதனைக் கொண்டு செல்பவன் மனிதனே. ஆகவே, மந்தை நோய் பரவாமல் தடுப்பது என்பது பாதி மருத்துவம். மறுபாதி போக்குவரத்துக் கட்டுப்பாடு.

தோட்டப்புறத்து மக்களுக்கு இது புதிய செய்தியன்று. லயத்து வீடுகளுக்குப் பின்னால் பசுவும் ஆடும் வளர்த்த காலத்தில், ஒரு மாட்டுக்குக் கோமாரி கண்டால் அதனைத் தனியே கட்டுவார்கள். அதன் தொட்டியில் மற்ற மாடுகளுக்குத் தண்ணீர் காட்டமாட்டார்கள். நச்சுயிரி என்ற சொல்லை அறியாதவர்களும் இந்த முறையை அறிந்திருந்தனர். இந்த எளிய முறையை ஒரு நாடு முழுவதும் கடைப்பிடிக்க வேண்டி வந்தால் என்ன ஆகும்? அதனை மலேசியா 1998, 1999-ஆம் ஆண்டுகளில் கண்டது.

சிம்பாங் பூலாய்ப் பாதை சென்று சேரும் கிந்தா பள்ளத்தாக்கில்தான் அந்நிகழ்வு தொடங்கியது. 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் சிலர் கடும் காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு வந்தனர். தலைவலி, வாந்தி, மயக்கம் என நோய் விரைவாக முற்றியது. சிலர் நினைவிழந்து இறந்தனர். மூளையில் வீக்கம் ஏற்பட்டிருப்பதை மருத்துவர்கள் கண்டனர். சிலருடைய இரத்த மாதிரிகளில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருளும் காணப்பட்டது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மலேசியாவுக்கு ஏற்கெனவே அறிமுகமான நோய். அது கொசுவால் பரவுவது. பன்றியின் உடலில் பெருகுவது. எனவே, பண்ணைகள் நிறைந்த பகுதியில் அந்நோய் வந்துவிட்டது என்று முடிவு செய்ததில் வியப்பில்லை. அரசு விரைந்து செயல்பட்டது. வீடுகளிலும் பண்ணைகளிலும் கொசுமருந்துப் புகை அடிக்கப்பட்டது. மக்களுக்கும் பன்றிகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. ஆயினும் நோய் நிற்கவில்லை.

நோய் நிற்காததற்குக் காரணத்தைச் சுட்டும் அறிகுறிகள் பல இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். கிந்தாவில் படுத்தவர்களோ உழைக்கும் வயதிலிருந்த ஆண்கள். கொசு வீட்டிலுள்ள எல்லாரையும் கடிக்கும். இங்கே பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கே நோய் வந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே நோயுற்றிருந்தன. வழக்கமாக ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வளர்ந்த பன்றிகளை இப்படி வாட்டுவதில்லை. இங்கே அவை மூச்சுத் திணறி, நாய் குரைப்பதுபோல் உரக்க இருமின. அந்த ஓசை நெடுந்தொலைவு கேட்டதால் 'ஒரு மைல் இருமல்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. சில பண்ணைகளில் காவல் நாய்களும் மாண்டன.

நோயின் பெயர் தவறாக இருந்தால், அதற்கான தடுப்பு முறையும் தவறாகவே இருக்கும். கொசுவை எதிரியாகக் கருதியவரை, இருமும் பன்றியைத் தொடும் கைக்குக் கையுறை வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பல பன்றிகளுக்கு ஒரே ஊசியைப் பயன்படுத்தித் தடுப்பு மருந்து செலுத்தியதுகூட நோய் பரவ உதவியிருக்கலாம் என்று பின்னர் ஆய்வாளர்கள் கருதினர்.

இதனைவிடப் பெரிய கேடு சாலை வழியே நிகழ்ந்தது. நோய் கண்ட வட்டாரத்திலிருந்த பண்ணையாளர்கள் சிலர், மிஞ்சிய பன்றிகளையாவது காசாக்கலாம் என்று குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கினர். அவர்களை மட்டும் குறை சொல்வது எளிது. ஆனால், கடன் வாங்கித் தீவனம் போட்டவர், இன்று விற்காவிட்டால் நாளை ஒன்றும் மிஞ்சாது என்று அஞ்சும் நிலையில் இருந்தார். தம் பன்றிக்கு வந்திருப்பது என்ன நோய் என்று எவரும் அவருக்குச் சரியாகச் சொல்லவும் இல்லை. லாரிகள் தெற்கே சென்றன. 1998-ஆம் ஆண்டின் இறுதியில் நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்கு அருகிலுள்ள சிக்காமாட்டில் நோயாளிகள் தென்பட்டனர். அதன்பின், போர்ட்டிக்சன் மாவட்டத்திலுள்ள புக்கிட் பெலாண்டோக்கை நோய் அடைந்தது.

'பெலாண்டோக்' என்பது சருகுமானைக் குறிக்கும் மலாய்ச் சொல். சருகுமான் குன்று என்ற அழகிய பெயரைக் கொண்ட அவ்வூர், அக்காலத்தில் நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரமாக விளங்கியது. பண்ணைகள் வேலியோடு வேலியாக நெருங்கியிருந்தன. அங்கு நோய் நுழைந்ததும், கிந்தாவில் காணாத வேகத்தில் மக்கள் மாண்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் சீனப் பண்ணையாளர்களும் தொழிலாளர்களும் ஆவர். அங்கே கூலி வேலை பார்த்த இந்தியர்களும் அவர்களுள் இருந்தனர். பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே வெளியேறின.

1999-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் உண்மை வெளிப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நச்சுயிரியல் ஆய்வாளர் டாக்டர் சுவா காவ் பிங், இறந்துபோன ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து எடுத்த மாதிரியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார். சில நாள்களில் அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய திட்டுகளாக மாறின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நச்சுயிரி இப்படிச் செய்வதில்லை. அவர் அம்மாதிரியை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போர்ட் காலின்ஸ் நகருக்கு எடுத்துச் சென்றார். அங்குள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த நச்சுயிரி என்பது தெளிவாயிற்று. 1994-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பன் நகரில் குதிரைகளையும் மனிதர்களையும் தாக்கிய ஹெண்ட்ரா நச்சுயிரிக்கு அது நெருங்கிய உறவு. மாதிரிக்கு உரிய நோயாளி சுங்கை நிப்பா கிராமத்தைச் சேர்ந்தவர் என்பதால், அதற்கு நிப்பா என்று பெயரிடப்பட்டது. ஒரு சிற்றூரின் பெயர் இப்படி உலகெங்கும் ஒரு கொடிய நோயின் பெயராக நிலைத்துவிட்டது. புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயரை வைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில்தான் வழிகாட்டியது.

சரியான பெயர் கிடைத்ததும் தடுப்பு முறை தலைகீழாக மாறியது. நிப்பா நச்சுயிரி நோயுற்ற பன்றியின் எச்சில், சளி, சிறுநீர் ஆகியவற்றின் மூலம் பரவுகிறது. எனவே, கொசுவலைக்குப் பதிலாகக் கையுறை, முகக்கவசம், காலணி ஆகியவை முதன்மை பெற்றன. இந்நச்சுயிரியைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்று உண்டு. சவர்க்காரமும் கிருமிநாசினியும் அவ்வுறையைக் கரைத்துவிடும். உறை போனால் நச்சுயிரி செயலிழக்கும். இவ்வளவு கொடிய ஒன்றைச் சவர்க்கார நீர் வெல்லும் என்பது முன்பே தெரிந்திருந்தால் எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்ற கேள்வி எழாமல் இருக்காது.

அடுத்து, பன்றிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்வது தடைசெய்யப்பட்டது. நோய் கண்ட வட்டாரங்களில் இருந்த பன்றிகள் அனைத்தையும் கொன்று புதைக்க அரசு முடிவு செய்தது. கால்நடைத் துறையினரோடு இராணுவத்தினரும் அப்பணியில் ஈடுபட்டனர். பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் இறுதி வரை, ஏறத்தாழ 900 பண்ணைகளில் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அதன் பின்னரும் பணி ஓயவில்லை. நாட்டில் எஞ்சியிருந்த பண்ணைகளில் பன்றிகளின் இரத்தம் எடுத்துச் சோதிக்கப்பட்டது. நோய்க்குறி எதுவும் வெளியே தெரியாத சில பண்ணைகளிலும் எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டு, அங்கிருந்த பன்றிகளும் அழிக்கப்பட்டன. மொத்தத்தில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் போயின. மலேசியாவில் 265 பேர் நோயுற்று, அவர்களுள் 105 பேர் இறந்தனர். மலேசியப் பன்றிகளை இறக்குமதி செய்த சிங்கப்பூரில், இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் மாண்டார்.

பன்றிக்கு அந்நோய் எங்கிருந்து வந்தது? விடை தேடியவர்களின் பார்வை மரங்களின் உச்சிக்குச் சென்றது. மலாய் மொழியில் 'கெலுவாங்' எனப்படும் பெரிய பழந்தின்னி வௌவால் மலேசியாவில் பரவலாகக் காணப்படுவது. ஜொகூரிலுள்ள குளுவாங் நகரின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். இந்த வௌவால்களின் உடலில் நிப்பா நச்சுயிரி தீங்கு செய்யாமல் தங்கியிருக்கிறது. பகாங் மாநிலத்தின் தியோமான் தீவில், டாக்டர் சுவாவும் உடன் ஆய்வாளர்களும் வௌவால்களின் சிறுநீரிலும், அவை கடித்துப் போட்ட பழத்திலும் அந்நச்சுயிரியைக் கண்டெடுத்தனர்.

கிந்தாவில் நோய் தொடங்கியதாகக் கருதப்படும் பண்ணையில், பன்றிக்கொட்டகைக்குப் பக்கத்திலேயே மாமரங்கள் நின்றன. பண்ணையாளர் செய்தது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். பன்றிக் கழிவு மரத்துக்கு எருவாயிற்று. மாம்பழம் கூடுதல் வருவாய் தந்தது. ஆனால், பழுத்த மாம்பழம் வௌவாலை அழைத்தது. வௌவால் பாதி தின்று போட்ட பழம் கொட்டகைக்குள் விழுந்தது. அதைத் தின்ற பன்றி நோயுற்றது.

சிறிய பண்ணையாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். நோய் எல்லாப் பன்றிகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வரும். சில சாகும், பிழைத்தவை எதிர்ப்புச் சக்தி பெறும். தொற்றுவதற்குப் புதிய விலங்கு இல்லாமல் நச்சுயிரி அழியும். ஆனால், அது 30,000 பன்றிகளுக்கும் மேல் இருந்த பெரும் பண்ணை. அங்கே வாரந்தோறும் குட்டிகள் பிறந்தன. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பு குறைந்ததும், அந்தக் குட்டிகள் நச்சுயிரிக்குப் புதிய இரையாயின. அடுப்பில் விறகு தீராமல் சேர்ந்துகொண்டே இருந்ததால் நெருப்பும் அணையவில்லை. 1997-ஆம் ஆண்டிலேயே அங்கு நோய் நுழைந்துவிட்டது என்பதற்கான தடயங்களை ஆய்வாளர்கள் பின்னர் கண்டனர். பெரிய மந்தைகளை வளர்ப்போர் அனைவரும் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது: மந்தையின் அளவு பெருகும்போது இலாபம் மட்டும் பெருகுவதில்லை.

டாக்டர் சுவா மாதிரியோடு சென்ற போர்ட் காலின்ஸ் நகருக்கு, மந்தை நோய்களின் வரலாற்றில் வேறொரு இடமும் உண்டு. 1967-ஆம் ஆண்டில், அந்நகரிலிருந்த வனவிலங்கு ஆய்வு நிலையம் ஒன்றில் அடைத்து வளர்க்கப்பட்ட மான்களுக்கு விளங்காத ஒரு நோய் வந்தது. கழுதையின் காதுகளைப் போல நீண்ட காதுகளை உடைய அவ்வகை மான்கள், நன்றாகத் தின்றுகொண்டிருந்தும் மெலிந்தன. எச்சில் வடிந்தது, தலை தாழ்ந்தது, கால்கள் தள்ளாடின. நோய் கண்ட ஒரு மானும் பிழைக்கவில்லை. தீவனக் குறை என்றும், அடைபட்ட ஏக்கம் என்றும் முதலில் எண்ணினர். பத்தாண்டுகளுக்குப் பிறகு, எலிசபெத் வில்லியம்ஸ் என்னும் கால்நடை ஆய்வாளர் இறந்த மான்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார். மூளைத் திசு கடற்பஞ்சுபோல் துளைத்துக் கிடந்தது. 'நாள்பட்ட மெலிவு நோய்' என்று இன்று அழைக்கப்படுவது அதுவே.

இந்நோய்க்குக் காரணம் பாக்டீரியாவும் அன்று, நச்சுயிரியும் அன்று. 'பிரியான்' எனப்படும் ஒரு புரதம் உருத்திரிந்து, தன்னைத் தொடும் நல்ல புரதங்களையும் தன்னைப்போல் உருத்திரியச் செய்கிறது. மூளையணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. பிரியான் என்ற பெயரை 1982-ஆம் ஆண்டில் வழங்கிய அமெரிக்க அறிவியலர் ஸ்டான்லி புருசினருக்கு 1997-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. 'மேட் கவ்' என்று செய்தித்தாள்கள் எழுதிய மாட்டு மூளை நோயும் இந்த வகையைச் சேர்ந்ததே.

நிப்பாவோடு ஒப்பிட்டால் மானின் மெலிவு நோய் பொறுமைசாலி. நிப்பா சில நாள்களில் தன்னைக் காட்டிவிடும். மெலிவு நோயோ, மானின் உடலில் நுழைந்து ஓராண்டுக்கு மேலும் வெளியே தெரியாமல் இருக்கும். அந்தக் காலம் முழுவதும் மான் நலமாகவே தோன்றும். ஆனால், அதன் எச்சிலிலும் சிறுநீரிலும் சாணத்திலும் பிரியான்கள் வெளியேறிக்கொண்டிருக்கும். நிப்பா சவர்க்கார நீரில் அழியும். பிரியானை சவர்க்காரம் அழிக்காது. கொதிக்கும் நீரும் அழிக்காது. அது மண்ணில் படிந்து பல ஆண்டுகள் தொற்றும் ஆற்றலோடு கிடக்கும். நோயுற்ற மந்தை முழுவதையும் அப்புறப்படுத்திய பிறகு, அதே நிலத்தில் விடப்பட்ட புதிய மான்களுக்கும் நோய் வரக்கூடும். இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. எனவே, பரவாமல் தடுப்பது ஒன்றே வழி.

பரவிய விதமோ கிந்தாவின் கதையை நினைவூட்டுகிறது. காட்டு மான்கள் தம் கால்போன போக்கில் அந்நோயைச் சிறிது சிறிதாகப் பரப்பின. நெடுந்தொலைவுக்கு அதனைக் கொண்டு சென்றது மான் வணிகம். கனடாவிலிருந்து தென் கொரியாவின் பண்ணைகளுக்கு 'எல்க்' எனப்படும் பெரிய மான்கள் விற்கப்பட்டன. 2001-ஆம் ஆண்டில், அவ்வாறு இறக்குமதியான மானிடம் மெலிவு நோய் கண்டறியப்பட்டது. பசிபிக் பெருங்கடலை எந்த மானும் நீந்திக் கடக்கவில்லை. சுகாதாரச் சான்றிதழோடு வந்த, பார்வைக்கு நலமான விலங்கே நோயைக் கொண்டு வந்தது.

இன்று அமெரிக்காவின் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் கனடாவின் சில மாநிலங்களிலும் இந்நோய் காணப்படுகிறது. அங்கே பின்பற்றப்படும் தடுப்பு முறைகளுள் முதலாவது, மான்களை இடம் மாற்றுவதற்குக் கட்டுப்பாடு. பண்ணை மான்களுக்கு அடையாள வில்லை பொருத்தப்படுகிறது. இறக்கும் மான்களின் மூளைத் திசு சோதிக்கப்படுகிறது. பண்ணை மானும் காட்டு மானும் மூக்கோடு மூக்கு உரசாதபடி சில இடங்களில் இரட்டை வேலி போடப்படுகிறது. வேட்டையாடுவோர் மானின் தலையையும் முதுகெலும்பையும் வேறு வட்டாரத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. ஏனெனில், பிரியான்கள் மிகுதியாக இருப்பது மூளையிலும் தண்டுவடத்திலும்தான். இந்நோய் மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதி செய்யப்படவில்லை. ஆயினும், நோய் கண்ட மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகின்றனர்.

நார்வே இன்னும் கடுமையான முடிவை எடுத்தது. 2016-ஆம் ஆண்டில், அந்நாட்டின் நோர்ட்ஃபியெல்லா மலைப்பகுதியில் காட்டுப் பனிமான் ஒன்றிடம் இந்நோய் காணப்பட்டது. ஐரோப்பாவில் அதுவே முதன்முறை. அப்பகுதியில் வாழ்ந்த 2,000-க்கும் மேற்பட்ட பனிமான்கள் அனைத்தையும் கொன்று, அந்நிலத்தைப் பல ஆண்டுகள் வெறுமையாக விட அரசு முடிவு செய்தது. அவற்றுள் நோய் உறுதியானவை மிகச் சிலவே. நலமாக இருந்த ஆயிரக்கணக்கான விலங்குகளை அழிப்பது முறையா என்ற கேள்வி அங்கும் எழுந்தது. புக்கிட் பெலாண்டோக்கில் பன்றிக்குட்டிகள் புதைகுழிக்குச் சென்றபோது எழுந்த அதே கேள்விதான். 2020-ஆம் ஆண்டில், அருகிலுள்ள ஹார்டாங்கர்விட்டா பீடபூமியிலும் நோய் தென்பட்டது.

நார்வே எடுத்த மற்றொரு நடவடிக்கை மலேசியர்களுக்கு எளிதில் விளங்கும். ஆடுகளுக்காக மேய்ச்சல் நிலங்களில் வைக்கப்பட்டிருந்த உப்புக்கட்டிகள் அகற்றப்பட்டன அல்லது வேலியிட்டு அடைக்கப்பட்டன. தாமான் நெகாராவுக்குச் சென்றவர்கள் 'ஜெனுட்' எனப்படும் இயற்கை உப்புத்தரைகளைப் பற்றி அறிந்திருப்பார்கள். கடமான், கேளையாடு, தாப்பிர், காட்டெருது என வெவ்வேறு விலங்குகள் உப்புச் சுவையை நாடி அங்கு வந்து ஒரே மண்ணை நக்குகின்றன. விலங்குகளைக் காண விரும்புவோருக்கு அது நல்ல இடம். எச்சிலால் பரவும் நோய்க்கும் அது நல்ல இடமே. இயற்கையான உப்புத்தரையை மூட முடியாது, மூடவும் கூடாது. ஆனால், காட்டோரத்தில் மனிதன் வைக்கும் தீவனக் குவியலையும் உப்புக்கட்டியையும் தவிர்க்க முடியும்.

மான் மெலிவு நோய் இதுவரை வட அமெரிக்கா, தென் கொரியா, வட ஐரோப்பா ஆகிய இடங்களிலேயே பதிவாகியுள்ளது. மலேசியப் பண்ணைகளில் கடமானும் தீமோர் மானும் வளர்க்கப்படுகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் விலங்குகளைத் தடுத்து வைத்துச் சோதிக்கும் பொறுப்பு அரசிடம் உள்ளது. நாட்டுக்குள் கால்நடைகளின் நடமாட்டத்தையும் நோய்த்தடுப்பையும் 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் நெறிப்படுத்துகிறது. சட்டம் காகிதத்தில் வலுவாகவே இருக்கிறது. ஆனால், அது செயல்படுவது ஒரு பண்ணையாளர் தொலைபேசியை எடுத்து, "என் விலங்குகள் இருமுகின்றன" என்று கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லும் அந்த நிமிடத்தில்தான். சொன்னால் எல்லாவற்றையும் இழப்போம் என்று அவர் அஞ்சினால், தொலைபேசிக்குப் பதில் லாரியைத்தான் அழைப்பார். ஆகவே, அழிக்கப்படும் விலங்குக்கு நியாயமான இழப்பீடு வழங்குவதும் ஒரு தடுப்பு முறையே. அதனைத் தடுப்பூசிக்கு இணையாக மதிப்பது மிகையாகாது.

இந்த அனுபவம் நாட்டுக்கு மீண்டும் தேவைப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் சபா மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அது மனிதரைத் தாக்காது. ஆனால், பண்ணைப் பன்றிகளோடு போர்னியோ காடுகளில் திரிந்த தாடிப்பன்றிகளும் பெருமளவில் இறந்தன. தலைமுறை தலைமுறையாக அவற்றை வேட்டையாடி உண்டு வந்த உட்பகுதி மக்களின் உணவே பாதிக்கப்பட்டது. பண்ணையின் வேலிக்கும் காட்டின் எல்லைக்கும் இடையே நோய் வேறுபாடு பார்ப்பதில்லை.

கம்போங் ராஜாவைப் போன்ற மலையூர்களில் காடும் தோட்டமும் அருகருகே உள்ளன. கோழி, ஆடு, மாடு என எதனைச் சிறிய அளவில் வளர்ப்பவரும் செய்யக்கூடியவை சில உண்டு. புதிதாக வாங்கிய விலங்கை உடனே மந்தையோடு சேர்க்காமல் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்ப்பது நல்லது. பக்கத்துக் கொட்டகைக்குச் சென்று வந்த காலணியோடு தம் கொட்டகைக்குள் நுழையாமலிருப்பதும், ஊசியையும் தீவனப் பாத்திரத்தையும் பகிர்ந்துகொள்ளாமலிருப்பதும் செலவில்லாதவை. கொட்டகைக்கு மேலே கிளை நீட்டும் பழமரத்தை வெட்ட மனம் வராதவர், கூரைக்கு மேல் வலையாவது கட்டலாம். விலங்கு காரணமின்றிச் செத்தால், அதனை ஆற்றில் எறியாமலும் காட்டோரத்தில் போடாமலும் கால்நடை அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

புக்கிட் பெலாண்டோக்கில் பன்றி வளர்ப்புக்கு மீண்டும் அனுமதி வழங்கப்படவில்லை. 1999-ஆம் ஆண்டுக்குப் பிறகு மலேசியப் பண்ணைகளில் நிப்பா தலைகாட்டவும் இல்லை. ஆனால், வங்காளதேசத்தில் 2001-ஆம் ஆண்டு முதல் அது பன்றியின் துணையின்றியே மனிதரை அடைந்து வருகிறது. இரவில் மரத்தில் கட்டிய பானையில் வடியும் பேரீச்ச மரச் சாற்றை வௌவால்கள் நக்குவதே அதற்குக் காரணம். மூங்கில் தட்டியால் பானையை மூடி வைக்குமாறு அங்குள்ள மக்களுக்குச் சொல்லப்படுகிறது. 2018-ஆம் ஆண்டில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்திலும் நிப்பா பல உயிர்களைப் பறித்தது. அங்கு நோயாளியோடு பழகியவர்கள் ஒவ்வொருவரையும் தேடிக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தியதால், சில வாரங்களில் அது கட்டுக்குள் வந்தது. மலேசியாவின் கெலுவாங்குகளோ இன்றும் மாலையில் கூட்டமாகப் பறந்து, பழம் இருக்கும் இடம் தேடிச் செல்கின்றன.